உங்களுக்குத் தெரியுமா? காய்ச்சல் விட்ட பிறகு…

சிங்கப்பூர் கட்டுமானத் தளம், மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டம், மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் என்று பிழைக்கப் போன இடத்தில் கொசுவிடமும் உண்ணியிடமும் கடிபட்டு நம் ஆட்கள் படுத்துவிடுகிறார்கள். காய்ச்சலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அது விட்ட பிறகு வரும் நாட்களைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் ஆபத்து பல நேரம் அந்த நாட்களில்தான் இருக்கிறது.

★

டெங்குவில் மிகவும் பயப்பட வேண்டிய நாள் எது தெரியுமா? காய்ச்சல் இறங்கி, நெற்றி குளிர்ந்து, "அப்பாடா" என்று எழுந்து உட்காரும் நாள்.

பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே காய்ச்சல் இறங்கும். அந்த நேரத்தில்தான் சிலருக்கு நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சிய ரத்தம் கெட்டிப்பட்டு, ரத்த அழுத்தம் சரியும். இந்தக் கண்டம் 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் கசிந்த நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும், பசி எடுக்கும், தட்டணுக்கள் ஏறும்.

விடுதியில் தங்கி வேலை பார்ப்பவருக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. காய்ச்சல் விட்டது என்று தெரிந்ததும் "நாளைக்கு வந்துடுவியா?" என்று சூப்பர்வைசர் கேட்பார். அறையில் இருப்பவர்கள் எல்லாரும் விடியற்காலையிலேயே லாரி ஏறியிருப்பார்கள். கவனித்துக்கொள்ள ஆளில்லாத அந்தப் பகல் பொழுதில்தான் உடம்பு கைவிடும். அதனால் கூடத் தங்கியிருக்கும் ஒருவரிடமாவது இதைச் சொல்லி வையுங்கள்: விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிட்டுப்போவது, மணிக்கணக்கில் சிறுநீர் வராமல் இருப்பது, காரணமில்லாத பரபரப்பு அல்லது மயக்கம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உடம்புவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றுமே டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுபோன வலி மாத்திரை அட்டையை அந்தச் சமயத்தில் பிரிக்காதீர்கள். பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்.

குளுக்கோஸ் ஏற்றினால் சீக்கிரம் தெம்பு வரும் என்பது நம்மவர்களின் நம்பிக்கை. கசிவு நேரத்தில் அளந்து ஏற்றும் நீர் உயிர் காக்கும். கசிவு நின்று நீர் திரும்பும் நேரத்திலும் ஏற்றிக்கொண்டே இருந்தால் அது நுரையீரலில் போய்ச் சேரும். டாக்டர் டிரிப்பை நிறுத்தினால் சண்டை போடாதீர்கள்.

★

டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகையிடமிருந்து ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. மற்ற மூன்றிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பு சில மாதங்கள்தான். வேறு வகை இரண்டாம் முறை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். சின்ன வயதில் மதுரையிலோ திருச்சியிலோ டெங்கு வந்து பிழைத்தவர், 2020-இல் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது அங்கே வேலையில் இருந்திருந்தால், அவருக்கு அது இரண்டாம் சுற்றாக இருந்திருக்கலாம். "முன்னாடி எப்பவாவது டெங்கு வந்திருக்கா?" என்று அயல்நாட்டு மருத்துவர் கேட்பது சம்பிரதாயத்துக்காக இல்லை. தெரிந்தால் சொல்லுங்கள். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் போனில் படம் பிடித்து வைத்திருப்பது இன்னும் நல்லது.

★

டெங்கு, டைபாய்டு, மலேரியா எதுவானாலும், குணமாகி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக முடி கொட்டினால் பயப்பட வேண்டாம். கடும் காய்ச்சலின்போது வளர்ச்சியை நிறுத்திய முடிகள் தாமதமாக உதிர்கின்றன. பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். அயல்நாட்டுத் தண்ணீர்தான் காரணம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

★

1858 பிப்ரவரி. இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் பறவைகளையும் வண்டுகளையும் பட்டாம்பூச்சிகளையும் சேகரித்து, லண்டனுக்கு அனுப்பி விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். முறைக்காய்ச்சல் அவரைப் பிடித்தது. வெயில் காயும் நாளிலும் குளிரில் நடுங்கிப் போர்வைக்குள் கிடப்பார். பிறகு வியர்த்துக் கொட்டும். வேறு எதுவும் செய்ய முடியாத அந்த நேரத்தில், எந்த உயிர் பிழைக்கிறது, எது மடிகிறது, ஏன் என்று யோசித்தார். இயற்கைத் தேர்வு என்ற கருத்து அங்கே பிடிபட்டது. நடுக்கம் நின்றதும் எழுதி டார்வினுக்கு அனுப்பினார். 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னியன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன.

நோய் அறிவைத் தந்தது என்று இதைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாலஸுக்குப் படுத்துக்கிடக்க முடிந்தது. அவர் தனக்குத் தானே முதலாளி; வருகைப் பதிவேடு கிடையாது. அதே தீவுகளில் கூலிக்கு மூட்டை சுமந்தவர்களுக்கும் அதே காய்ச்சல் வந்திருக்கும்.

★

மலேரியாவுக்கு மூன்று நாள் மாத்திரை போட்டு, ரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும், புதிதாக ஒரு கொசுகூடக் கடிக்காமல் மலேரியா திரும்ப வரும் என்பது தெரியுமா?

இந்தியாவில் அதிகம் காணப்படும் இரண்டு மலேரியாக்களில் ஒன்றான வைவாக்ஸ் இப்படிச் செய்யும். கொசு செலுத்தும் கிருமி முதலில் கல்லீரலுக்குப் போகிறது. சில உடனே பெருகி ரத்தத்தில் இறங்கும். சில, களை எடுத்த வயலில் மண்ணுக்கடியில் கிடக்கும் கோரைக்கிழங்கு மாதிரி, கல்லீரல் செல்லுக்குள் அசையாமல் கிடக்கும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். உறங்கும் கிருமி சில வாரத்திலும் விழிக்கும், பல மாதம் கழித்தும் விழிக்கும். ஊரில் விடுமுறைக்கு வந்தபோது கடித்த கொசுவின் பலன், பாலைவனத்து வேலைத்தளத்தில் நடுக்கமாக வருவது இப்படித்தான். அங்குள்ள இளம் மருத்துவர் மலேரியாவைப் பார்த்தே இல்லாதவராக இருக்கலாம். எந்த மாதம், எந்த ஊர் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

உறங்குவதை ஒழிக்கும் மாத்திரை பிரைமாகுயின். இந்தியாவில் வழக்கமான சிகிச்சை 14 நாள். சிக்கலே அந்த 14-இல்தான் இருக்கிறது. நாலாம் நாளில் உடம்பு தேறிவிடும், ஐந்தாம் நாளில் வேலைக்குப் போவார், எட்டாம் நாளில் மாத்திரை மறந்துபோகும். கொரியப் போரிலிருந்து 1950-களின் தொடக்கத்தில் வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, கப்பலைவிட்டு இறங்குவதற்கு முன்பே பயணத்தின்போது பிரைமாகுயின் கொடுத்தார்கள். கரை இறங்கினால் ஒருவரும் ஒழுங்காகப் போடமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் தோட்டங்களிலும் விடுதிகளிலும் அந்த அக்கறையை யாராவது எடுத்துக்கொண்டால் எத்தனை பேர் மறுபடி படுக்காமல் இருப்பார்கள்!

பிரைமாகுயினுக்கு முன் ஜி6பிடி என்ற ரத்தப் பரிசோதனை தேவை. அந்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்தால் எந்த நாட்டிலும் உதவும் சோதனை ஜி6பிடி.

★

ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சந்திப்பது பெரும்பாலும் வேறு மலேரியா: ஃபால்சிபாரம். அது உறங்காது, காத்திருக்கவும் செய்யாது. கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் மூளையைத் தாக்கலாம். அங்கே பரவலாகத் தரப்படும் ஆர்டிமெதர்–லுமிஃபேன்ட்ரின் மாத்திரை மூன்று நாளில் ஆறு வேளை. கொழுப்புச் சத்துள்ள உணவோ பாலோ கூடச் சேர்ந்தால்தான் அது உடம்பில் ஒழுங்காக ஏறும். வாய் கசக்கிறது என்று வெறும் கஞ்சித் தண்ணீரோடு விழுங்குவது பலனைக் குறைக்கும்.

கடுமையான நோய்க்கு நரம்பில் ஆர்டிசுனேட் ஊசி போடப்பட்டவர்களில் சிலருக்கு, குணமாகி ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். ஊசி போட்டு நாலு வாரம் வரை வாரா வாரம் ரத்தம் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். "நல்லாயிட்டேன், எதுக்குப் போகணும்?" என்று அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

இந்த மருந்துகளின் மூலப்பொருளான ஆர்டிமிசினினைச் சீனத்து மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த து யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றார்.

★

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று நிறுவியவருக்கே, அதுவும் நம் நீலகிரியில், மலேரியா வந்தது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்ட் ராஸ் 1897-இல் ஊட்டிக்கு வந்து, மலேரியாவுக்குப் பேர்போன சீகூர் மலைச்சரிவில் ஆராய இறங்கினார். அங்கேயே காய்ச்சலில் விழுந்தார். தேறிய பிறகு செகந்திராபாத் திரும்பி, அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள், நோயாளியைக் கடித்த அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு.

ஊட்டிக்கும் மலேரியாவுக்கும் இன்னொரு உறவும் உண்டு. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா மரங்களை நட்டார்கள். அதன் பட்டையிலிருந்துதான் குயினைன். நடுவட்டத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் மலாய்த் தீபகற்பத்துச் சிறைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தார்கள். அவர்களும் அயல்மண்ணில் உழைத்தவர்கள்தான்.

★

இனி நம் முன்னோர் கதை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் காடு வெட்டினார்கள். கூலி நாள்கணக்கு. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. குளிர்காய்ச்சலில் படுத்தவருக்கு வருமானம் கிடையாது, கடன் மட்டும் வளரும். தேறாமலேயே வேலைக்குப் போனார்கள், திரும்ப விழுந்தார்கள். தோட்டத்து மண்ணிலேயே ஏராளமானோர் புதைந்தார்கள்.

1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். கிள்ளான் நகரத்தைச் சுற்றியிருந்த சதுப்பையும், அப்போதுதான் திறக்கப்பட்ட ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்துச் சதுப்பையும் வடித்தார். மலேரியா மளமளவென்று குறைந்தது. இதே முறையை மலைத் தோட்டங்களில் செய்தபோது நேர்மாறாக நடந்தது. காடு அழிந்து வெயில் பட்ட ஓடைகளில் நோய் கூடியது. காரணம், சதுப்பில் நிழல் தேடும் கொசு ஒரு வகை. மலையில் இருந்த அனாஃபிலிஸ் மாகுலேடஸ், வெயில் விழும் தெளிந்த ஓடுநீரில் முட்டையிடுவது. ஆக, தோட்டத்துரைகள் காட்டை வெட்டித் துப்புரவாக்கியதே கூலிகளின் வீட்டுவாசலுக்கு மலேரியாவைக் கொண்டுவந்தது. வாட்சன் ஓடைகளைக் குழாய்களில் இறக்கி நிலத்தடியில் விட்டார், மிஞ்சிய நீரில் எண்ணெய் தெளிக்கச் செய்தார். எந்த ஊரில் எந்தக் கொசுவோ, அதற்கேற்ற வைத்தியம் என்ற கொள்கை உலகுக்குப் போனது மலாயாவிலிருந்துதான். தமிழ்த் தொழிலாளர்களின் உடம்பு கொடுத்த விலையில் கற்ற பாடம் அது. மலேரியா வரலாற்றில் வாட்சன் பெயர் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

★

பனாமா கால்வாயை முதலில் தோண்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், 1881 முதல் 1889 வரை. இறந்தவர்கள் ஏறக்குறைய 22,000 பேர் என்பது மதிப்பீடு. பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும். அங்கே ஆங்கோன் குன்றில் அருமையான மருத்துவமனை கட்டினார்கள். எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தார்கள். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசு அந்தக் கிண்ணங்களிலேயே பெருகியது. வேறு நோய்க்குப் படுத்துத் தேறிக்கொண்டிருந்தவர்களுக்கும் மஞ்சள் காய்ச்சல் வந்தது. கொசுதான் காரணம் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது.

ஓவியர் பால் கோகன் 1887-இல் அந்தக் கால்வாயில் மண் வெட்டும் கூலியாகக் கொஞ்ச காலம் வேலை செய்தார். அங்கிருந்து மார்ட்டினிக் தீவுக்குப் போய், வயிற்றுக்கடுப்பும் சதுப்புக் காய்ச்சலும் சேர்ந்து தாக்க, அந்த ஆண்டே பிரான்சுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

அமெரிக்கர்கள் 1904-இல் பணியை ஏற்றதும் மருத்துவர் வில்லியம் கோர்கஸ் தண்ணீர்த் தொட்டிகளை மூடினார், வீடு வீடாகப் புகை போட்டார். இரண்டே ஆண்டுக்குள் மஞ்சள் காய்ச்சல் அங்கே ஒழிந்தது.

★

டைபாய்டுக்கு முதல் மருந்து தற்செயலாகக் கிடைத்தது, கோலாலம்பூரில். 1948-இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் வந்த அமெரிக்க ஆய்வுக்குழு, உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளுக்கு குளோராம்ஃபெனிகால் கொடுத்துப் பார்த்தது. நல்ல பலன். அந்த நோயாளிகளில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்பது பிறகு தெரிந்தது, அவர்களும் தேறினார்கள். வாரக்கணக்கில் காய்ச்சலில் கிடந்து, பிழைப்பதும் போவதும் விதிவசம் என்றிருந்த நோய்க்கு அன்றுதான் மருந்து பிறந்தது.

மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் உண்ணிக் காய்ச்சல் பழைய பகையாளி. இன்று டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரி வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கலாம், பலருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ. கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அந்த ஒரு பொருக்கு நோயைச் சொல்லிவிடும்.

★

சிக்குன்குனியாவில் காய்ச்சல் ஒரு வாரத்தில் போகும், மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். காலையில் விரல் மடங்காது. சாரத்தில் ஏறுபவருக்கும், துளையிடும் இயந்திரம் பிடிப்பவருக்கும் அது விபத்துக்கு வழி. இலகுவான வேலை கேட்டு மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது சோம்பேறித்தனம் ஆகாது.

★

2016 ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூர் அறிவித்த, உள்ளூரிலேயே தொற்றிய முதல் 41 ஜிகா நோயாளிகளில் 36 பேர் சிம்ஸ் டிரைவ் பகுதியில் ஒரே கட்டுமானத் தளத்தில் வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அறிவிப்பு வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் குணமாகிவிட்டிருந்தார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி வந்ததும் போனதும் தெரியாமல் கடந்திருக்கிறார்கள். குணமான பிறகும் ஜிகா கிருமி ஆணின் விந்தில் தங்கும். எனவே நோயுற்ற அல்லது நோய்ப்பகுதியிலிருந்து திரும்பிய ஆண்கள் மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தச் சொல்கிறார்கள், கருவிலுள்ள குழந்தையின் மூளையை அது பாதிக்கும் என்பதால். விடுமுறையில் ஊருக்கு வரும் கணவர்கள் வீட்டில் வெளிப்படையாகப் பேசவேண்டிய செய்தி.

★

இலங்கையை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1934–35-இல் பல்லாயிரம் உயிர்களை மலேரியாவுக்குக் கொடுத்த தீவு அது. இப்போது அங்கே காணப்படுவது அநேகமாக வெளிநாட்டிலிருந்து வந்த மலேரியா. மடகாஸ்கர் உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய்வரும் ரத்தினக்கல் வியாபாரிகளும் அதில் அடக்கம்.

★

தேறும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா? இதைத் தெரிந்துகொள்ளாமல் விமானம் ஏறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சிங்கப்பூரில் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வருகிற தொழிலாளர், எந்த நாட்டவரானாலும், ஆறு மாதம் வேலை செய்திருந்தால் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய்விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த 14-ஐயும் சேர்த்து 60 நாள் வரை. மூன்று மாதம் முடிந்தாலே குறைந்த அளவில் தொடங்கிவிடும். விடுப்பைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குச் சொல்ல வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும். வீட்டுப் பணிப்பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் அவர்களின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. வொர்க் பெர்மிட்காரர்களுக்கு முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்பீடு 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர்.

அமீரகத் தனியார் துறையில் சோதனைக் காலம் முடிந்தவருக்கு ஆண்டுக்கு 90 நாள்: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 பாதி, மிச்சம் 45 சம்பளமின்றி. சவூதியில் முதல் 30 நாள் முழுதாக, அடுத்த 60 நாள் முக்கால், கடைசி 30 சம்பளமின்றி.

சட்டம் எழுத்தில் இருப்பது ஒன்று, ஏஜென்டுக்குக் கட்டிய கடன் தலைக்குமேல் நிற்கும்போது விடுப்பு கேட்கத் துணிவது வேறொன்று. அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் டெங்குவின் ஐந்தாம் நாளில் சாரத்தில் மயங்கி விழுந்தால் அந்தக் கடனை அடைக்க ஆளே இருக்காது. மருத்துவர் கொடுக்கும் விடுப்புச் சீட்டை மடித்துப் பையில் வைக்காதீர்கள். படமெடுத்து முதலாளிக்கு அனுப்பி, அனுப்பிய செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

★

ஊர் திரும்பியதும் ரத்ததான முகாமில் கை நீட்டும் நல்ல மனதுக்காரர்களுக்கு: இந்திய விதிப்படி மலேரியா முழுக்கக் குணமாகி 3 மாதம், டெங்கு அல்லது சிக்குன்குனியா குணமாகி 6 மாதம் ஆகும்வரை ரத்தம் கொடுக்கக் கூடாது. படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கும். எந்த நாட்டில் இருந்தீர்கள், எப்போது காய்ச்சல் வந்தது என்று மறைக்காமல் எழுதுங்கள்.